மழைக்குக் கண், பனிக்குச் சருகு

யாங்கூனிலிருந்து பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தன்லின். சிரியம் என்பது அதன் பழைய பெயர். நெல்வயலும் தமிழ்க் கோயில்களும் உள்ள ஊர். ஆகஸ்ட் மாதத்து மாலை ஒன்றில், மழை சற்று ஓய்ந்த நேரம், அங்கே நண்பர் வீட்டு வாசல் விளக்கைச் சுற்றிவிட்டு ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி சுவரில் ஒட்டி உட்கார்ந்தது. சிறகை மூடியதும் அடிப்பக்கம் தெரிந்தது. விளிம்பை ஒட்டி வரிசையாகக் கண்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு, சுற்றிக் கறுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். பின்சிறகின் ஓரத்தில் ஒரு துண்டைக் காணவில்லை. எதுவோ கடித்துக்கொண்டு போயிருக்கிறது. போன துண்டில் ஒன்றரைக் கண் போயிருக்கும். மீதி அரைக்கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஜனவரியில் மறுபடி போனேன். அதே விளக்கு, அதே வேளை. இந்த முறை வந்து உட்கார்ந்தது ஒரு காய்ந்த இலை. நடுநரம்பு, கறை, பூஞ்சை பிடித்த திட்டு எல்லாம் இருந்தன. கண் மட்டும் இல்லை. சிறகின் நுனிகூட இலை நுனிபோல் வளைந்து கூராக இருந்தது.

“மழைக்காலத்துல வர்றது கண்ணோட வரும் தம்பி. பனிக்காலத்துல வர்றது சருகு. ரெண்டும் வேற வேற பூச்சி” என்றார் நண்பரின் அம்மா. அறுபது வருடமாக அந்த விளக்கடியில் பார்த்துவருகிறவர். அவர் சொன்னதை உடனே மறுக்க எனக்கு வாய் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பியப் பூச்சியியலாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள்.

பூச்சியின் அறிவியல் பெயர் மெலனைட்டிஸ் லீடா. ஆங்கிலத்தில் ஈவினிங் பிரவுன். அந்தி சாய்ந்தபின் பறப்பதால் ‘அந்திப்பழுப்பன்’ என்று இங்கே வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் நிழலில், சருகுக்குள் கிடக்கும். பூவைத் தேடிப் போவது அரிது. விழுந்து அழுகிய மாம்பழம் கிடைத்தால் போதும். இதன் புழு பச்சை நிறம், தலையில் இரண்டு கொம்பு, தின்பது புல்லும் நெற்பயிரும். ஆப்பிரிக்கா தொடங்கி இந்தியா, இலங்கை, பர்மா வழியாக ஆஸ்திரேலியா வரை இருக்கிறது. தமிழ்நாட்டு வயலோரங்களிலும் இதே பூச்சிதான், நாம் கவனிப்பதில்லை. சுவீடனின் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தது 1758இல். அதன்பின் அருங்காட்சியகப் பெட்டிகளில் கண் உள்ளதும் கண் இல்லாததும் லீடா, இஸ்மீனி என்று இரண்டு பெயர்களில் நடமாடின.

இது அசட்டுத்தனமான பிழை அல்ல. ஊசியில் குத்தி வைத்த பூச்சிக்கு அம்மா அப்பா தெரியாது. லண்டன் மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர், நிறம் வேறு, விளிம்பு வேறு, கண் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை என்றால் வேறு என்ன முடிவுக்கு வருவார்? வித்தியாசத்தைப் பார்க்கக் கண் போதும். உறவைக் கண்டுபிடிக்க வளர்த்துப் பார்க்க வேண்டும்.

அதைச் செய்தவர் லயனல் டி நிஸவில். பிறப்பு பிரிஸ்டல், பிழைப்பு கல்கத்தாவில் நீதிமன்ற குமாஸ்தா வேலை, மனசு முழுக்க வண்ணத்துப்பூச்சி. மார்ஷல் என்ற ராணுவ அதிகாரியுடன் சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய பெருநூலை 1882இல் தொடங்கியவர். கல்கத்தாவில் அந்திப்பழுப்பனையும் அதன் உறவான சிறு பழுப்பன்களையும் முட்டையிலிருந்து வளர்த்தார். இன்ன தாய் இட்ட முட்டை, இன்ன தேதி, வெளிவந்தது இன்ன வடிவம் என்று கணக்கு வைத்தார். தாயும் பிள்ளையும் வேறு வேறு முகத்தோடு இருப்பதைக் காட்டி, இரண்டு ‘இனங்கள்’ என்று நினைத்தவை ஒரே இனத்தின் மழைக்கால, வறட்சிக்கால வடிவங்கள் என்று 1886இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். பர்மாவின் வனத்துறையில் வேலைபார்த்த பிங்ஹம் 1905இல் வெளியிட்ட வண்ணத்துப்பூச்சித் தொகுதியில், பழுப்பன்களின் வருணனையே மழைக்கால வடிவம், வறட்சிக்கால வடிவம் என்று இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும். குமாஸ்தாவின் கணக்கு அதற்குள் பொது அறிவாகிவிட்டது.

இதைப் ‘பருவ இருவடிவம்’ என்று சொல்லலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரே பூச்சி மழைக்கு ஒரு சட்டை, பனிக்கு ஒரு சட்டை என்று மாற்றிக்கொள்வதில்லை. கூட்டிலிருந்து வெளிவந்தபின் சிறகின் படம் மாறாது, கிழிந்தால் கிழிந்ததுதான். ஆடியில் பிறந்த பிள்ளை கண்ணோடு பிறக்கிறது, தையில் பிறந்தது கண் இல்லாமல் பிறக்கிறது. இருவருக்கும் மரபணுக்கள் ஒரே மாதிரி. அப்படியானால் புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ இருக்கும்போதே எங்கோ ஓரிடத்தில் முடிவு எடுக்கப்படுகிறது. வெளிவரப்போகும் உலகத்தைப் பார்க்காத ஒரு பூச்சி, அங்கே மழையா வெயிலா என்று முன்கூட்டியே அறிந்தாக வேண்டும்.

அதற்கு முன், கண் எப்படி வரையப்படுகிறது?

வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தால் விரலில் ஒட்டும் பொடி இருக்கிறதே, அது செதில்கள். ஒவ்வொரு செதிலும் ஒரு செல் செய்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறம். பாசிமணி வேலைப்பாடு போலத்தான். ஒரு மணியில் பாதி கறுப்பு, பாதி மஞ்சள் என்பது கிடையாது. மணிகளை அடுக்கிய விதத்தில் படம் வருகிறது. ஆக, கூட்டுக்குள் இருக்கும் இளஞ்சிறகில் ஒவ்வொரு செல்லுக்கும் தான் வெள்ளையா, கறுப்பா, மஞ்சளா, பழுப்பா என்று தெரிய வேண்டும். வட்டம் வரைய வேண்டுமென்றால், நடுப்புள்ளியிலிருந்து தான் எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். அளவுகோல் இல்லாத இடத்தில் தூரத்தை அளப்பது எப்படி?

நம் வீட்டுத் தாளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்பவருக்கு மிளகாய் நெடி தும்மலை வரவழைக்கும். கூடத்தில் இருப்பவருக்கு நாக்கில் நீர் ஊறும். திண்ணையில் இருப்பவர் ‘ஏதோ தாளிக்கிறாங்க’ என்பார். தெருமுனையில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டே, வாசனையின் வீரியத்தை வைத்து அடுப்பு எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். கண்புள்ளியின் நடுவில் உள்ள செல்கூட்டம்தான் அடுப்பு. அது ஒரு சைகையைச் சுற்றிலும் பரப்புகிறது. தும்மல் வருகிற தூரத்தில் உள்ள செல் ஒரு நிறம், நாக்கூறும் தூரத்தில் உள்ளது இன்னொரு நிறம், வாசனை எட்டாத செல் வழக்கமான பழுப்பு.

அழகான கதை என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவின் ஃபிரெட் நைஹவுட் 1980இல் இதைச் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது ஜூனோனியா சாதி. யாங்கூன் தோட்டங்களில் சர்வசாதாரணமாகப் பறக்கும் மயில்கண் வண்ணத்துப்பூச்சி, ஜூனோனியா அல்மானா, அதன் பங்காளி. புதிதாகக் கூடுகட்டிய கூட்டுப்புழுவின் சிறகில், கண் வரப்போகும் இடத்தின் நடுச் செல்களை நுண்ணிய ஊசியால் சுட்டார். அந்த இடத்தில் கண் வரவில்லை. சற்றுத் தாமதித்துச் சுட்டபோது சிறிய கண் வந்தது. அடுப்பை அணைப்பதற்குள் வாசனை கொஞ்சம் பரவிவிட்டது என்று அர்த்தம். பிறகு அந்தச் செல்களைப் பெயர்த்து, கண்ணே வராத இடத்தில் ஒட்டினார். அங்கே புதிதாக ஒரு கண், வளையத்தோடு முளைத்தது. ஒட்டிய துண்டைச் சுற்றியிருந்த செல்களுக்குக் கண் வரையும் உத்தேசமே கிடையாது. அடுப்பு அருகில் வந்ததால் வரைந்தன. படம் முழுவதையும் சிறகு மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை என்பது இந்த ஒரு சோதனையிலேயே தெளிவாகிவிட்டது. என்னைக் கேட்டால், உயிரியலில் இவ்வளவு சிறிய ஊசியால் இவ்வளவு பெரிய கேள்வியைக் குத்தியவர்கள் அதிகம் இல்லை.

அடுப்பை மூட்டுவது எது? 1994இல் உயிரியலாளர் ஷான் கரோலின் குழு ஒரு பழைய அறிமுகத்தை அங்கே சந்தித்தது. டிஸ்டல்-லெஸ் என்ற மரபணு. பழ ஈயில் இது கெட்டால் காலின் நுனிப்பகுதி வளராது. ‘நுனியற்றது’ என்ற பெயர் அப்படி வந்தது. கால், உணர்கொம்பு வளர்ப்பதற்கென்று பூச்சிகள் காலங்காலமாக வைத்திருக்கும் மரபணு, வண்ணத்துப்பூச்சிப் புழுவின் சிறகு மொட்டில், கண் வரப்போகும் இடத்தின் மையத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. நம் வீடுகளில் பழைய நூல்சேலை தூளியாவதும், பிறகு தலையணை உறையாவதும், கடைசியில் கரித்துணியாவதும் இல்லையா, அது மாதிரி. இயற்கை புதிதாக நெய்வது குறைவு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அந்தோனியா மொன்டெய்ரோவின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், கண்புள்ளியில் வேலைசெய்யும் மரபணுக் கூட்டம் உணர்கொம்பை உருவாக்கும் கூட்டத்தோடு மிக நெருங்கியது என்று தெரியவந்தது. டிஸ்டல்-லெஸ் மரபணுவை இயக்கும் விசைப்பகுதியை வெட்டியபோது கண்புள்ளியோடு உணர்கொம்பும் காலும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. சேலை ஒன்றுதான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் சூர்ய நாராயணன் முருகேசன் என்பதை ஓரமாகச் சொல்லிவைக்கிறேன்.

இனி முன்னே விட்ட கேள்விக்கு வருவோம். பெரிய கண்ணா, சின்னக் கண்ணா என்று தீர்மானிப்பது எது?

இதற்கான பதிலின் பெரும்பகுதி அந்திப்பழுப்பனிடமிருந்து வரவில்லை. அதன் ஆப்பிரிக்க உறவான பைசைக்ளஸ் அனைனானா என்ற சிறு பழுப்பனிடமிருந்து வந்தது. உயிரியலாளர் பால் பிரேக்ஃபீல்ட் 1980களில் மெலனைட்டிஸ் லீடாவின் பருவ வடிவங்களைப் பற்றி எழுதியவர்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கத் தோதாக அமைந்தது மலாவி நாட்டிலிருந்து 1988இல் கொண்டுவந்த பைசைக்ளஸ். அதன் சந்ததி இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் மக்காச்சோள இளந்தளிர் தின்று வாழ்கிறது. 27 டிகிரி செல்சியஸில் புழுவை வளர்த்தால் பெரிய கண்ணோடு மழைக்கால வடிவம் வரும். 17 டிகிரியில் வளர்த்தால் கண் சுருங்கிய வறட்சிக்கால வடிவம். மழையே வேண்டாம், ஈரமும் வேண்டாம். அலமாரியின் சூட்டைத் திருப்பினால் போதும். புழுக்களை நடுவில் ஒரு அலமாரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்ததில், முடிவாவது புழுப்பருவத்தின் கடைசி நாட்களை ஒட்டித்தான் என்று தெரிந்தது.

அந்த நாட்களில் புழு தின்பதை நிறுத்திவிட்டுக் கூடுகட்ட இடம் தேடி அலையும். தோலுரிப்பை நடத்தும் எக்டைசோன் என்ற ஹார்மோன் அதன் உடலில் அப்போது ஏறுகிறது. வெப்பத்தில் வளர்ந்த புழுவில் அதிகம் ஏறுகிறது, குளிரில் வளர்ந்ததில் குறைவாக. கண்புள்ளியின் நடுச் செல்களில் இந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. குளிரில் வளர்ந்த புழுவுக்கு அந்தச் சமயம் பார்த்து எக்டைசோனை ஊசியில் செலுத்தினால் கண் பெரிதாகிறது. வெப்பத்தில் வளர்ந்ததில் ஏற்பியை அடைத்தால் சிறுக்கிறது. மொன்டெய்ரோவின் குழு 2015இல் இதைக் காட்டியது. அடுப்புக்கு எவ்வளவு விறகு என்று சொல்லுகிற ஆள் இந்த ஹார்மோன்தான்.

ஏன் வெப்பம்? மலாவியில் மழைக்காலம் வெதுவெதுப்பானது, வறட்சிக்காலம் குளிர்ந்தது. மழை முடியும் தறுவாயில் குளிர் தட்டுகிறது என்றால், இன்னும் சில வாரங்களில் புல் காயும். புழுவுக்கு நாளைய மழை தெரியாது, இன்றைய சூடு தெரியும். நம் பாட்டிமார் தும்பி தாழப் பறப்பதைப் பார்த்துக் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்களே, அதுபோல் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் கணிப்பது.

இந்தக் கணக்கை அப்படியே யாங்கூனுக்குத் தூக்கிவர முடியாது. அங்கே மே நடுவில் தொடங்கும் மழை அக்டோபர்வரை விடாது. ஆண்டு மழை சுமார் 2,700 மில்லிமீட்டர், சென்னையைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்ட. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஜனவரியில் சொட்டு விழாது, இரவில் 18 டிகிரிக்கு இறங்கும். இதுவரை மலாவி மாதிரிதான். ஆனால் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜான் வரும் ஏப்ரலில் பகல் 37 டிகிரியைத் தொடும், மழையோ இன்னும் வந்திருக்காது. ஆண்டின் மிகச் சூடான மாதம் வறட்சிக்குள் உட்கார்ந்திருக்கிறது! சூட்டை மட்டும் நம்பும் புழு அங்கே ஏமாந்துபோகும். வெவ்வேறு தட்பவெப்பத்தில் வாழும் பைசைக்ளஸ் இனங்களை ஒப்பிட்ட ரோஸ்காமும் பிரேக்ஃபீல்டும் 1999இல் இதைத்தான் சொன்னார்கள்: ஊருக்கு ஊர் நம்பத்தகுந்த அறிகுறி வேறு, அதற்கேற்ப இனங்கள் கேட்கும் அறிகுறியும் வேறு. புல்லின் தரமும் பேசும். தரம் குறைந்த உணவில் மெதுவாக வளர்ந்த புழுக்களிடம், வறட்சிக்கால வடிவத்தின் சாயல் கூடியது பைசைக்ளஸிலேயே பார்க்கப்பட்டிருக்கிறது. யாங்கூன் ஏப்ரலில் காற்று சுட்டாலும் புல் பொய் சொல்லாது.

சரி, இத்தனை ஏற்பாடும் எதற்கு?

நண்பர் வீட்டு விளக்கடியில் வந்த பூச்சியின் கிழிந்த விளிம்பில் விடை பாதி இருக்கிறது. கேத்லீன் புரூடிக்கும் கூட்டாளிகளும் 2015இல் பைசைக்ளஸையும் கும்பிடுபூச்சிகளையும் கூண்டில் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். பெரிய கண் உள்ள பூச்சியைக் கும்பிடுபூச்சி சீக்கிரம் கண்டுபிடித்தது. ஆனால் பாய்ந்தது உடம்பின்மேல் அல்ல, சிறகு ஓரத்துக் கண்ணின்மேல். கையில் ஒரு சிறகுத் துண்டு சிக்கியது, பூச்சி பறந்துவிட்டது. தப்பியவை அதிக நாள் வாழ்ந்து அதிக முட்டை இட்டன. இது கண்ணால் வந்த பயனா, மழைக்கால வடிவத்தின் சுறுசுறுப்பால் வந்ததா என்ற ஐயம் வருமல்லவா? அதற்காகக் கண்களை வெட்டி ஒட்டினார்கள். வறட்சிக்கால வடிவத்தின் சிறகில் பெரிய கண்ணை ஒட்டினாலும் பிழைப்பு கூடியது. ஆக, கண்தான் காரணம். பணப்பையை விட்டுவிட்டு மேல்துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் திருடனைப் பற்றி யாரும் பெரிதாக வருத்தப்பட மாட்டார்கள்.

எல்லாக் கண்புள்ளிக்கும் இதே வேலை என்று சொல்ல மாட்டேன். சிறகின் நடுவில் பெரிதாக முறைக்கும் கண்கள் வேறு ரகம். சுவீடனில் 2005இல் ஒரு சோதனை: ஐரோப்பிய மயில் வண்ணத்துப்பூச்சிகளைச் சிட்டுப்போன்ற சிறு பறவைகளுக்குமுன் விட்டார்கள். கண்கள் அப்படியே இருந்த 34இல் ஒன்றுதான் செத்தது. கண்களின்மேல் மை பூசி மறைத்த 20இல் 13 செத்தன. நம் மயில்கண் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளை வைத்து உல்லாச கோதண்டராமையா செய்த சோதனையிலும், கண்ணுள்ள சிறகுகளிடம் பறவைகள் தயங்கின. அங்கே கண் மிரட்டுகிறது. அந்திப்பழுப்பனின் விளிம்பில் இருக்கும் சிறு கண்கள் திசைதிருப்புகின்றன. பர்மியர்கள் வண்ணத்துப்பூச்சியை ‘லெய்ப்யா’ என்பார்கள். உயிருக்கும் அதே சொல். பயந்தால் லெய்ப்யா பறந்துவிடும் என்பது அவர்கள் பேச்சு. மிரட்டும் கண்ணின்முன் பயந்து பறப்பது பறவை.

மழைக்காலத்தில் பச்சை நடுவே பழுப்புப் பூச்சி எப்படியும் கண்ணில் படும். இணை தேடவும் முட்டையிடவும் பறந்துகொண்டே இருக்க வேண்டும். ஒளிய வழியில்லாதவனுக்கு ஏமாற்றுத்தான் துணை. வறட்சியில் கதை வேறு. புல் காய்ந்துவிட்டதால் முட்டையிட்டுப் பயனில்லை. ஆப்பிரிக்கப் பழுப்பன்கள் அந்தக் காலத்தில் முட்டையைத் தள்ளிப்போட்டு, மாதக்கணக்கில் சருகுக்குள் முடங்கி மழைக்குக் காத்திருக்கின்றன. அசையாமல் கிடப்பவனுக்குப் பளிச்சென்ற கண் எதிரி, காட்டிக்கொடுத்துவிடும். அந்திப்பழுப்பனின் வறட்சிக்கால வடிவத்தில் இன்னொரு சங்கதி உண்டு. ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று வெளிர் மண்ணிறம், ஒன்று கருந்திட்டு, ஒன்றில் நடுவே நரம்புக்கோடு. கீழே விழுந்த இலைகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்ன? ஒரு மாதிரிச் சருகைக் கொத்திப் பழகிய பறவை அடுத்த மாதிரியைத் தவறவிடும்.

மூன்றாம் முறை தன்லின் போனது அக்டோபரில். தடிஞ்ஜுட் பௌர்ணமிக்கு வீட்டுக்கு வீடு விளக்கு வைத்திருந்தார்கள். மழை ஏறக்குறைய நின்றிருந்தது. விடியற்காலையில் மட்டும் லேசாகக் குளிர்ந்தது. நண்பரின் அம்மா வாசலில் மெழுகுவத்திகளை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தபோது பூச்சி வந்து கதவுச் சட்டத்தில் உட்கார்ந்தது. நான் சிம்னி விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். அவரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். கண்கள் இருந்தன. ஆனால் கடுகளவு. மஞ்சள் வளையம் மங்கிப் போயிருந்தது, கறுப்பு ஒரு கோடாக ஒடுங்கியிருந்தது, வெள்ளைப் பொட்டு மட்டும் ஊசிமுனையாய் நின்றது. அதைச் சுற்றிச் சருகின் கறை படரத் தொடங்கியிருந்தது.

“இது எதுல சேர்த்தி தம்பி?” என்றார்.